செம்பனைத் தோட்டத்தில் ஜோடிப்படம்: ஃபிளாஷ் முழுசா அடிச்சும் முகம் இருட்டு

மட்டைநிழல்:

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். இடம் மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். வர்ற ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு நிச்சயதார்த்த ஜோடிப்படம். செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப்பனை), தூரத்துல சுண்ணாம்புக் குன்று. வெயில் ஜோடியோட முதுகுப் பக்கம் இருக்கும்.

கைவசம் உள்ளது: ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், சிங்க் வேகம் (ஃபிளாஷோட சேர்த்து வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200. லென்ஸ் 85 மி.மீ. எஃப் 1.8. கோடோக்ஸ் டிடி685 ஃபிளாஷ் ஒன்னு, அதைத் தள்ளி இருந்து இயக்குற எக்ஸ்2டி ட்ரிகர், ஒரு மீட்டர் அகல வெள்ளைக் குடை (ஒளி ஊடுருவுற வகை), ஒரு ஸ்டாண்ட்.

சோதனைப் படத்துக்கு வச்சது: ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8, 1/3200, எச்எஸ்எஸ் (சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷ் அடிக்க விடுற வசதி), ஃபிளாஷ் 1/1 (முழு சக்தி), குடை மூனு மீட்டர் தள்ளி. பின்னணி நல்லா வருது. முகம் மட்டும் இருட்டு. ஃபிளாஷ் அடிச்ச படத்தையும் அடிக்காத படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசமே தெரியுது. பத்துப் பன்னெண்டு படத்துக்கு மேல சார்ஜ் ஏற ரொம்ப நேரம் எடுக்குது. எச்எஸ்எஸ்ஸை அணைச்சிட்டு 1/500 வச்சா படத்தோட ஓரத்துல கறுப்புப் பட்டை விழுது.

பெரிய ஃபிளாஷ் வாங்கித்தான் ஆகணுமா?

ஈயலம்பம்:

வாங்குறதுக்கு முன்னாடி கணக்கைப் பாத்துடுவோம் தம்பி.

பளிச்சுன்னு வெயில் அடிக்கும்போது எஃப் 16 வச்சா, ஷட்டர் வேகம் 1/ஐஎஸ்ஓ எண். அதாவது ஐஎஸ்ஓ 100, 1/100, எஃப் 16. அதே வெளிச்சம்தான் 1/200, எஃப் 11. அதையே நீட்டிக்கிட்டுப் போனா 1/3200, எஃப் 2.8. நீங்க நின்னது இந்தக் கடைசிப் படியில. பின்னணி சரியா வந்ததுக்கு அதுதான் காரணம்.

இனி ஃபிளாஷ். ஷட்டர்ல ரெண்டு திரை இருக்கு. 1/200 வரைக்கும் முதல் திரை முழுசா ஒதுங்கி, ரெண்டாவது திரை மூடத் தொடங்குறதுக்கு முன்னாடி, சென்சார் மொத்தமும் திறந்து கிடக்கிற ஒரு நேரம் உண்டு. ஃபிளாஷ் தன் ஒளியை எல்லாம் அந்த நேரத்துக்குள்ள கொட்டிடும். 1/500-இல் அப்படி ஒரு நேரமே கிடையாது. முதல் திரை ஓடி முடியும் முன்னாடியே ரெண்டாவது திரை பின்னாலேயே கிளம்பிடும். ஃபிளாஷ் வெட்டும்போது அந்தத் திரை மறைச்ச பகுதிதான் உங்க கறுப்புப் பட்டை. கருவியில கோளாறு ஒன்னும் இல்ல.

எச்எஸ்எஸ் என்ன செய்யுதுன்னா, ரெண்டு திரைக்கும் நடுவுல உள்ள இடுக்கு சென்சாரைக் கடந்து முடிக்கிற வரைக்கும் ஃபிளாஷை விட்டுவிட்டுத் துடிக்க வைக்குது. அந்த ஒளியில பாதிக்கு மேல மூடின திரை மேல விழுந்து வீணாகுது. ஏறக்குறைய ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா ஒளி பாதி, கூடினா ரெண்டு மடங்கு) இங்கேயே காலி.

நான் இங்க அழுத்திச் சொல்ல விரும்புறது இதுதான். 1/200-உம் அதைவிட மெதுவான வேகமும் வச்சிருக்கும்போது, ஷட்டரைத் திருகினா வெயில் மட்டும் ஏறி இறங்கும், ஃபிளாஷ் அசையாது. எச்எஸ்எஸ்ஸுக்குள்ள போயிட்டா ஃபிளாஷும் வெயில் மாதிரி தொடர்ந்து எரியுற விளக்காயிடும். ஷட்டரைக் கூட்டினா ரெண்டும் சேர்ந்தே குறையும். எஃப் 11-ஐ விட்டு எஃப் 2.8-க்குத் திறந்ததால ஃபிளாஷுக்கு நாலு ஸ்டாப் லாபம்னு நினைக்கத் தோணும். 1/200-இலிருந்து 1/3200-க்குப் போனதுல அந்த நாலும் திரும்பிப் போச்சு. அதுக்கு மேல எச்எஸ்எஸ் தின்ன ரெண்டு. அதுக்கு மேல குடை தின்னது ஒன்றரை, ரெண்டு.

தூரம் இதைவிடப் பெரிய நஷ்டம். மூனு மீட்டர்ல இருக்கிற குடையை ஒரு மீட்டருக்குக் கொண்டு வந்தா வெளிச்சம் ஒன்பது மடங்கு, அதாவது மூனு ஸ்டாப்புக்கு மேல. காசு கொடுத்து அந்த மூனு ஸ்டாப்பை வாங்கணும்னா இந்தச் சின்ன ஃபிளாஷ் எட்டு வேணும், இல்ல 600 வாட்-செகண்ட் விளக்கு ஒன்னு வேணும். பெரிய விளக்கு வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல குடையைக் கிட்ட கொண்டு வாங்க.

வரிசை இப்படி:

ஃபிளாஷை அணைச்சு வச்சிட்டு ஐஎஸ்ஓ 100, 1/200-இல் பின்னணிக்கு மட்டும் அப்பர்ச்சர் பாருங்க. எஃப் 11-இல் தொடங்கி எஃப் 13-க்குப் போனா வானமும் குன்றும் கொஞ்சம் அடர்த்தியா நிக்கும். அதுக்கு மேல இருட்டாக்காதீங்க. அப்பர்ச்சரை மூட மூட ஃபிளாஷுக்கும் அதே அளவு குறையும், உங்க ஃபிளாஷுக்கு அந்தத் தெம்பு இல்ல. அப்புறம் ஃபிளாஷை மேனுவல்ல 1/1 வச்சு, குடைத்துணி முகத்துக்கு ஒரு மீட்டர்ல, ஃபிரேமுக்குச் சற்று வெளியே, கண்மட்டத்துக்கு ரெண்டு சாண் மேலே. வெயில் பின்னால வலப்பக்கம்னா குடை முன்னால இடப்பக்கம். ஒரு படம் எடுங்க. முகத்துல வெளிச்சம் கூடினா 1/2-க்கு இறக்குங்க, குறைஞ்சா இன்னும் ஒரு சாண் கிட்ட. மறுபடி ஷட்டரைத் தொட வேண்டியதில்ல.

கித்தாப்பால்:

ஈயலம்பம் அண்ணன் கணக்கு சரி. ஆனா எஃப் 11-இல் செம்பனைத் தோட்டத்தை யாராவது பின்னணியா வச்சுப் பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு ஓலையும் ஈட்டி மாதிரி கூர்மையா நிக்கும், காய்ஞ்ச மட்டை, முள், தரையில கிடக்கிற உதிரிப் பழம் வரைக்கும் தெரியும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வச்சா அந்த லென்ஸுக்கே அர்த்தம் இல்ல.

தீர்வு என்டி ஃபில்டர், நிறத்தை மாத்தாம ஒளியை மட்டும் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. நாலு ஸ்டாப் நிலையான ஃபில்டர், அதாவது என்டி16. லென்ஸ் முன்னால மாட்டினதும் 1/200, எஃப் 11 அப்படியே 1/200, எஃப் 2.8 ஆயிடும். எச்எஸ்எஸ்ஸுக்கே வேலை இல்ல. ஃபில்டர் வெயிலையும் ஃபிளாஷையும் ஒரே அளவுல குறைக்கும், அதனால ரெண்டுக்கும் உள்ள விகிதம் எஃப் 11-இல் இருந்த மாதிரியே இருக்கும். ஃபிளாஷுக்கு இது கூடுதல் சக்தி எதுவும் தராது. எச்எஸ்எஸ் பிடுங்குற ரெண்டு ஸ்டாப்பை மிச்சம் பிடிச்சுக் கொடுக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு சின்ன ஃபிளாஷ் வச்சிருக்கிறவருக்கு அந்த ரெண்டு ஸ்டாப் பெரிய சொத்து.

சுத்தித் திருப்புற வேரியபிள் என்டி வேண்டாம்னு சொல்வேன். கடைசிப் பக்கம் திருப்பினா வானத்துல பெருக்கல் குறி மாதிரி கறுப்பு விழும், மலிவான ஃபில்டர்ல தோல் நிறமும் மஞ்சள் பக்கம் சாயும். நிலையான ஃபில்டரா இருந்தாலும் மாட்டின பிறகு ஒயிட் பேலன்ஸை ஒருமுறை சாம்பல் அட்டை வச்சு எடுத்துக்குங்க.

மூனாம்லயம்:

கித்தாப்பால், நிக்கிற ஜோடிக்கு நீங்க சொல்றது பொருந்தும். ஓடிப் பிடிச்சு விளையாடுற குழந்தைக்கும், சேலையைச் சுழட்டித் திரும்புற பொண்ணுக்கும் 1/200 போதாது. வெயிலும் படத்துல பங்கு எடுக்குறதால கை ஓரத்துல, தலைமுடி ஓரத்துல நிழல்போல ஒரு இழுவை விழும். அங்க 1/1000-உம் எச்எஸ்எஸ்ஸும்தான் வேணும். அதுக்கு டிடி685 போதாது, ஏடி200 மாதிரி 200 வாட்-செகண்ட் விளக்கு வேணும். சின்ன ஃபிளாஷைவிட அது ஒன்றரை ஸ்டாப் கூடுதல், லித்தியம் பேட்டரி, சார்ஜ் ஏறுறதும் வேகம். ரெண்டு வேலையும் செய்றவங்க ஃபில்டருக்குப் போடுற காசை இதுக்குச் சேர்த்து வைக்கலாம்.

தம்பிக்கு ஒன்னு. உங்க டிடி685 நாலு ஏஏ பேட்டரியில ஓடுறது, ஆல்கலைன் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. முழு சக்தியில அடிக்கும்போது ஆல்கலைன் சீக்கிரம் தளர்ந்துடும். 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி நாலு நாலா மூனு செட் எடுத்துட்டுப் போங்க. ஒரே செட்டை எப்பவும் ஒன்னாவே சார்ஜ் பண்ணுங்க, கலக்காதீங்க. எச்எஸ்எஸ்ல விடாம அடிச்சா ஃபிளாஷ் சூடாகி, தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். நீங்க சொல்ற பத்துப் பன்னெண்டு படத்துக்கு அப்புறம் வர்ற தாமதத்துல சூட்டுக்கும் பங்கு உண்டு. சாதாரண சிங்க்ல அடிச்சாலும் பத்துப் படத்துக்கு ஒருக்கா ஒரு நிமிஷம் ஆற விடுங்க.

ஈயலம்பம்:

மூனாம்லயம் சொன்ன அசைவு இழுவை உண்மை, ஒத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஜோடி நிக்கப் போகுது, அதனால இந்த வேலைக்கு என்டி பக்கம்தான் என் ஓட்டு.

ரெண்டு பேரை வச்சு எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கு. விளக்கு கிட்ட வர வர ஒருத்தர் வெளுத்து மற்றவர் மங்கிப்போவார். குடையிலிருந்து பொண்ணு ஒரு மீட்டர்ல, மாப்பிள்ளை 1.4 மீட்டர்ல நின்னா மாப்பிள்ளைக்கு முழுசா ஒரு ஸ்டாப் குறைவு. குடையைப் பக்கவாட்டுல இருந்து முன்பக்கம் நகர்த்தி ரெண்டு முகமும் சம தூரத்துல வர்ற மாதிரி வைங்க. அது முடியலன்னா குடையோட நடுப்பகுதியைத் தூரத்துல நிக்கிறவரைப் பாத்துத் திருப்புங்க. கிட்ட நிக்கிறவருக்கு ஓரத்து ஒளி மட்டும் போகும், அதுவே போதும்.

முழு உருவப் படத்துக்கு ஒரு மீட்டர்ல வச்ச குடை ஃபிரேமுக்குள்ள நிக்கும். கேமராவை முக்காலியில பூட்டுங்க. குடையோட ஒரு படம், அடுத்த நிமிஷமே ஸ்டாண்டைத் தூக்கிட்டு யாரும் இல்லாம ஒரு படம், ஃபோகஸையும் செட்டிங்கையும் தொடாம. பிறகு ரெண்டையும் ஒட்டி ஸ்டாண்டை அழிச்சிடலாம். ஒட்டு வேலை வேண்டாம்னா குடையைக் கழட்டிடுங்க. வெறும் ஃபிளாஷை 105 மி.மீ. ஜூம்ல வச்சு ரெண்டரை மீட்டர்ல நிறுத்தினா எஃப் 11-க்குத் தேவையான ஒளி தாராளமா கிடைக்கும். நிழல் ஓரம் கடுசா இருக்கும், பின்னாடி இருந்து வெயிலும் அடிக்கும்போது அந்தக் கடுசு கண்ணை உறுத்தாது.

மட்டைநிழல்:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி அண்ணே. தோப்புக்கு உள்ளே போய் எடுத்தா வெயில் குறைவு, ஃபிளாஷும் போதும்னு தோணுது. ஆனா அங்க ஓலை இடுக்கு வழியா வெயில் புள்ளிபுள்ளியா முகத்துல விழுது. ஃபிளாஷைக் கூட்டினா அது போகுமா? தாடைக்குக் கீழே ஒரு பச்சை நிறமும் வருது.

செம்மண்சாலை:

போகாது தம்பி. அந்தப் புள்ளி நேரடி வெயில். அதைச் சுத்தி இருக்கிற நிழலைவிட மூனு நாலு ஸ்டாப் கூட. ஃபிளாஷ் புள்ளி மேலயும் விழும், நிழல் மேலயும் விழும். புள்ளி அழியற அளவுக்கு ஃபிளாஷைக் கூட்டி அப்பர்ச்சரை மூடினா தோப்பு ராத்திரி மாதிரி ஆயிடும். ஆளை நகர்த்துறதுதான் வழி.

வளர்ந்த செம்பனை ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில நிக்குது. மட்டைகள் மேல ஒன்னோட ஒன்னு முட்டுற இடத்துல முழு நிழல் கிடைக்கும், நடு இடுக்குலதான் புள்ளி விழும். ஜோடியைத் தோப்போட விளிம்புல, கடைசி மரத்து நிழல்ல ஒரு ரெண்டு எட்டு உள்ளே நிறுத்துங்க, முகம் திறந்த பாதையைப் பாக்கட்டும். உள்ளங்கையை நீட்டிப் பாருங்க, கையில ஒரு புள்ளிகூட விழாத இடம்தான் உங்க இடம். பின்னணியில புள்ளி வெளிச்சம் விழுந்தா விழட்டும், எஃப் 2.8-இல் அது உருண்டை உருண்டையா அழகாத்தான் இருக்கும். முகத்துல மட்டும் கூடாது. அங்க ஐஎஸ்ஓ 200, 1/200, எஃப் 4-ஐ ஒட்டி அளவு வரும், ஃபில்டரும் வேண்டாம், ஃபிளாஷ் 1/16 போதும்.

பச்சை எங்கிருந்து வருதுன்னா, மேலே ஓலை வழியா வடிஞ்ச ஒளியும், கீழே புல்லுல பட்டுத் திரும்புற ஒளியும். குடை ஒளி படுற பக்கம் தோல் சரியா இருக்கும், படாத கன்னத்துலயும் தாடைக்கு அடியிலயும் பச்சை தங்கும். பல பேர் கம்ப்யூட்டர்ல டின்ட்டை மஜெந்தா பக்கம் இழுப்பாங்க, நல்லா இருந்த கன்னம் சிவந்து போயிடும். படம் எடுக்கும்போதே தீர்க்கணும். ஒரு வெள்ளைத் துணியை (வேட்டி போதும்) ரெண்டா மடிச்சு, ஃபிரேமுக்கு வெளியே அவங்க முன்னாடி புல்லு மேல விரிங்க. குடை ஒளி அதுல பட்டுத் தாடைக்கு அடியில வெள்ளையா ஏறும். இல்லன்னா செம்மண் தரை இருக்கிற இடத்துல நிறுத்துங்க. செம்மண் ஒளி மாநிறத் தோலுக்குக் கதகதப்பைக் கூட்டும், அது உறுத்தாது.

பால்மரத் (ரப்பர்) தோட்டம் பக்கத்துல இருந்தா அதையும் போய்ப் பாருங்க. நேர் நேரா நிக்கிற அடிமரம், வெட்டுக் கோடு, பால் பிடிக்கிற மங்கு, எல்லாம் பின்னணிக்கு ஒழுங்கைக் கொடுக்கும். பிப்ரவரி, மார்ச் ஒட்டி இலை உதிர்ற காலத்துல மட்டும் நிழலை நம்ப முடியாது.

அடுத்தது நம்ம தோல் நிறமும் பட்டுச்சேலையும். நிறைய பேர் கறுத்த தோலுக்கு ஃபிளாஷைக் கூட்டிக்கிட்டே போறாங்க. கறுத்த தோல் கேக்கிறது பரந்த ஒளி. சின்ன ஃபிளாஷ் வெறுமனே அடிச்சா நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் வெள்ளைப் பொட்டா ஒரு பளபளப்பு நிக்கும், கன்னம் இருட்டாவே இருக்கும். நம்ம ஊர்ப் புழுக்கத்துல வியர்வை வேற. குடையைக் கிட்ட வச்சா அந்தப் பளபளப்பு அகலமா, மெதுவா பரவி முகத்துக்கு உருவம் கொடுக்கும். ஒவ்வொரு நாலஞ்சு படத்துக்கும் டிஷ்யூவால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக்கூடாது. தேய்ச்சா பவுடர் திட்டு திட்டா நிக்கும்.

டிடிஎல் (கேமராவே ஃபிளாஷ் அளவைத் தீர்மானிக்கிறது) வைக்காதீங்க. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, பொண்ணு அரக்குப் பட்டு. கேமரா ஒருமுறை வேட்டியைப் பாத்துக் குறைக்கும், ஒருமுறை சேலையைப் பாத்துக் கூட்டும். மேனுவல்ல நிக்கணும். ஹைலைட் எச்சரிக்கையை (வெளுத்துப்போன இடம் திரையில மினுக்கும்) ஆன் பண்ணிட்டுத் திரையைப் பெரிசாக்கிப் பாருங்க. ஜரிகைக் கரையில ரெண்டு மூனு இழை மினுக்கிச்சுன்னா விட்டுடுங்க, அது உலோகம், மினுங்கத்தான் செய்யும். ஜரிகையோட பூவேலை மொத்தமும் மினுக்கினா குடையை ஒரு சாண் பக்கவாட்டுல நகர்த்துங்க. சக்தியைக் குறைக்காமலே கோணம் மாறி ஜரிகை திரும்பித் தெரியும். நெத்தி மினுக்கினா மட்டும் சக்தியைக் குறைங்க. வெயில்ல நின்னு திரையைப் பாக்கும்போது எல்லாப் படமும் இருட்டாத்தான் தெரியும், அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டினவங்க வீட்டுக்கு வந்துதான் வருத்தப்படுவாங்க. ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) மட்டும் பாருங்க.

கித்தாப்பால்:

செம்மண்சாலை அக்கா வேட்டித் துணி யோசனை அருமை. அடிக்கடி சறுக்குற சில இடங்களை நானும் சேர்க்கிறேன்.

குடை காத்துல பாய்மரம்தான். நாலு மணிக்கு மேல மழைக்கு முன்னாடி ஒரு காத்து அடிக்கும் பாருங்க, ஸ்டாண்டோட சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போயிடும். ஸ்டாண்டோட ஒரு கால் விளக்கு சாயற பக்கம் இருக்கணும். அஞ்சு கிலோ மணல் மூட்டையைக் கீழ்த்தாங்கியில தரையைத் தொட்டும் தொடாம தொங்க விடுங்க. காத்துல ஆடுற அளவுக்கு உயரத்துல தொங்கினா மூட்டையே ஸ்டாண்டைச் சாய்க்கும். ஆள் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா இன்னும் நல்லது. மட்டை அடுக்கின வரிசைப் பக்கம் ஸ்டாண்டை ஊனாதீங்க, முள்ளும் இருக்கும், பாம்பும் இருக்கும். ஆள் நடக்கிற பாதை வரிசையிலேயே வேலையை வச்சுக்குங்க. தோட்ட ஆபீஸ்ல முன்கூட்டியே சொல்லி வைங்க, பழ லோரி வர்ற நேரத்தையும் கேட்டுக்குங்க.

தூறல் விழுந்தா பிளாஸ்டிக் பையைச் சுத்திட்டு எடுக்கலாம்னு நினைக்க வேண்டாம். ஃபிளாஷுக்குள்ள இருக்கிற கப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிக்குது. முதல் துளி விழுந்ததும் அணைச்சுப் பைக்குள்ள வைங்க.

ஏர்கோன் காரை விட்டு இறங்கினதும் லென்ஸ்ல பனி பிடிக்கும். துடைக்காதீங்க, மறுபடி பிடிக்கும். கிளம்பும்போதே பையை காரோட பூட்ல வைங்க, போய்ச் சேர்ந்ததும் மூடின பையோடவே இருபது முப்பது நிமிஷம் வெளியே வச்சு, அப்புறம் திறங்க.

மட்டைநிழல்:

இன்னைக்குச் சாயங்காலம் ஒரு சோதனை. திறந்த பாதையில என்டி16, ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 3.2, குடை ஒரு மீட்டர், ஃபிளாஷ் 1/1. முகம் சரியா வந்திடுச்சு, குன்று அடர்த்தியா நிக்குது. தோப்பு விளிம்புல எஃப் 4, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் 1/16, அதுவும் சரி.

ரெண்டு சிக்கல் மிச்சம். தோப்புக்குள்ள பின்னணியை அடர்த்தியாக்க எஃப் 5.6-க்கு மூடினா வ்யூஃபைண்டர் இருட்டாகி ஃபோகஸ் எங்க இருக்குன்னே தெரியல. அப்புறம் ஃபிளாஷ் என் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்போது அஞ்சு படத்துக்கு ஒரு படம் வெட்டாம விடுது. தள்ளிப் போனா ஒழுங்கா வெட்டுது.

மூனாம்லயம்:

முதல் சிக்கல்: வ்யூஃபைண்டர் உங்க எக்ஸ்போஷரை அப்படியே காட்டுது, ஃபிளாஷ் வரப்போறது அதுக்குத் தெரியாது. மெனுவுல எக்ஸ்போஷர் ப்ரிவ்யூவை அணைங்க, சோனியில லைவ் வ்யூ டிஸ்ப்ளே பகுதியில செட்டிங் எஃபெக்ட் ஆஃப். திரை எப்பவும் வெளிச்சமாவே இருக்கும். ஃபிளாஷ் இல்லாம பின்னணி அளவு பாக்கும்போது மட்டும் திரும்ப ஆன் பண்ணுங்க. அப்படியே சைலண்ட் ஷட்டர் அணைஞ்சிருக்கான்னும் பாருங்க, பெரும்பாலான கேமராவுல எலக்ட்ரானிக் ஷட்டர்ல ஃபிளாஷ் வெட்டாது.

ரெண்டாவது: ட்ரிகர் ரொம்பக் கிட்ட இருந்தா ரேடியோ அலை அளவுக்கு மீறி வலுவா விழுந்து ரிசீவர் குழம்பும். ட்ரிகரோட தனி அமைப்புகள்ல தூரம்னு ஒன்னு இருக்கும், 1-100 மீட்டர்ல இருக்கிறதை 0-30 மீட்டருக்கு மாத்துங்க. அதுக்கப்புறமும் விட்டுவிட்டு வெட்டினா சேனலை மாத்துங்க, ட்ரிகர்லயும் ஃபிளாஷ்லயும் ஒரே எண்.

மட்டைநிழல்:

தூரம் மாத்தினதும் நாப்பது படத்துல ஒன்னுகூட விடல. நன்றி. கடைசியா ஒன்னு, பொண்ணு வீட்டுக்காரங்க சூரியன் மறையுற நேரத்துல ரெண்டு படம் கேக்கிறாங்க. அப்ப வெள்ளை ஃபிளாஷ் முகத்துல நீலமா தெரியுமே?

செம்மண்சாலை:

தெரியும். ஃபிளாஷ் 5600 கெல்வினை ஒட்டி, சாயுற வெயில் 3500, 4000. அதனால சிடிஓ ஜெல் வேணும், ஆரஞ்சுக் காகிதம் மாதிரி இருக்கும். வெயில் இன்னும் மரத்து மேல இருக்கும்போது அரை சிடிஓ. அது ஃபிளாஷை ஏறக்குறைய 3800-க்கு இறக்கும், ஒளியில அரை ஸ்டாப் தின்னும். குடைக்கு உள்ளே ஃபிளாஷ் தலையில நேரா ஒட்டுங்க, ஓரத்துல வெள்ளை ஒளி கசியாம.

நம்ம பக்கம் சூரியன் மறையுறது ஏழு மணியை ஒட்டி, மாசத்தைப் பொறுத்து ஏழரை வரைக்கும். மறைஞ்ச பிறகு இருபது நிமிஷம்தான் வானத்துல நிறம் நிக்கும், அதனால சூரியன் மறையுறதுக்கு முன்னாடியே குடை, ஜெல், ஆள் நிக்கிற இடம் மூனும் முடிவாகி இருக்கணும். என்டியைக் கழட்டுங்க. ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8, 1/125-இல் தொடங்குங்க, ஃபிளாஷ் 1/32. ஒயிட் பேலன்ஸை 4000-இல் பூட்டுங்க. ஜெல் போட்ட முகம் இயல்பா இருக்கும், பின்னால வானம் தானா நீலம் ஏறும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வானம் ஒரு படி இறங்கும். அப்ப ஃபிளாஷைத் தொடாம ஷட்டரை மட்டும் 1/125, 1/60, 1/30னு இறக்கிக்கிட்டே வாங்க. 1/30-இல் முக்காலி வேணும், ஜோடி அசையாம நிக்கணும். அதுக்குக் கீழே போக வேண்டி வந்தா ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் 1/64.